குணமும் குறையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் பயணிகளை ஏற்றிக்கொள்வதற்காக நிற்கும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் எவரும் ஒரு விசித்திரத்தை அனுபவித்தே இருப்பார். வண்டி ஓடவில்லை; எஞ்சின் மட்டும் மெதுவாக உறுமிக்கொண்டிருக்கிறது; ஆயினும் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன, முன்னிருக்கைக் கம்பியைப் பற்றிய கை நடுங்குகிறது. ஓட்டுநர் கியர் போட்டு வண்டியைக் கிளப்பி, எஞ்சின் முன்னிலும் பன்மடங்கு சக்தியோடு உழைக்கத் தொடங்கிய அந்த வேளையிலேயே கண்ணாடிகள் அடங்கிவிடுகின்றன. உழைப்பு மிகும்போது ஆட்டம் குறைவதும், ஓய்ந்திருக்கும்போது ஆட்டம் மிகுவதும் எப்படி?

இதே புதிரை ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரி ஹெலிகாப்டரில் இன்னும் தெளிவாகக் காணலாம். மோட்டார் ஓடத் தொடங்கி, தலைக்கு மேலுள்ள சுழலி மெல்ல வேகமெடுக்கையில், ஏதோ ஒரு நடுத்தர வேகத்தில் யந்திரம் முழுவதும் தன் சறுக்குக் கால்களின்மேல் நின்று உதறுகிறது. வேகம் இன்னும் சற்று ஏறியதும் உதறல் நின்றுபோகிறது. ஆனால் இப்போது வால் முனையில் உள்ள தகட்டின் விளிம்பு மங்கி, ஒரு கோடு இருக்க வேண்டிய இடத்தில் புகைபோன்ற பட்டை தெரிகிறது. பறக்கவிட்டாலோ வால் தானாக இடமும் வலமும் அலைகிறது. இதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்குவது மாதிரி விமானக் கலையில் பொறுமையை மிகவும் சோதிக்கும் காரியம். ஆனால் அதில் யூகத்துக்கு இடமே வேண்டியதில்லை. முறையாகக் கேட்டால் அதிர்வு தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லிவிடும் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதலில், சுழலும் பொருள் ஏன் அதிர்கிறது என்று பார்ப்போம். நடுத்தர அளவுள்ள மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றில் ஒவ்வொரு இறக்கையும், பறப்போர் வழக்கில் சொன்னால் ஒவ்வொரு பிளேடும், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரண்டு இறக்கைகள் கொண்ட அச்சுழலி நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். சுற்றும் பொருள் ஒவ்வொன்றும் மையத்தைவிட்டு வெளியே இழுக்கிறது. இதை மையவிலக்கு விசை என்கிறோம். இரண்டு இறக்கைகளும் சமமாக இருக்கும்வரை, ஒன்று இழுப்பதை மற்றொன்று எதிர்ப்புறம் இழுத்து ஈடுசெய்துவிடுவதால், நடுவிலுள்ள தண்டு எதையும் உணர்வதில்லை. ஆனால் ஓர் இறக்கையின் நுனியில் மற்றதைவிட ஒரே ஒரு கிராம் அதிகமாக இருந்தாலும், அவ்வேகத்தில் அந்த ஒரு கிராம் தண்டை இரண்டரைக் கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்துக்குச் சமமான வலிமையுடன் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பும் ஒரே திசையில் நில்லாமல் இறக்கையோடு கூடவே சுற்றிவருவதால், யந்திரம் வினாடிக்கு 33 முறை எல்லாத் திசைகளிலும் பிடித்து உலுக்கப்படுகிறது. வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். ஆகையால்தான் கையால் சுற்றிப் பார்க்கையில் அறவே தெரியாத குறை, முழு வேகத்தில் பெருந்தொல்லையாக வெளிப்படுகிறது.

இங்கே கவனிக்கத்தக்கது அந்த 33 என்ற எண். ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை அதிர்வெண் என்று சொல்வார்கள். ஹெலிகாப்டரில் சுற்றும் உறுப்புகள் பல. அவை யாவும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. தலைச்சுழலி வினாடிக்கு 33 சுற்று சுற்றும் யந்திரத்தில், வால் சுழலி பற்சக்கரங்களின் விகிதத்தால் ஏறத்தாழ நாலரை மடங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு 150 சுற்று என்ற கணக்கில் சுற்றும். மோட்டாரின் தண்டு அதற்கும் மேலாக, வினாடிக்கு 300 சுற்றளவில் சுழலும். வால் சுழலியில் குறை இருந்தால் அதிர்வு 150 என்ற எண்ணில் வரும். அது ஒருபோதும் 33 என்ற எண்ணில் வராது. எனவே, எவ்வளவு பலமாக ஆடுகிறது என்ற கேள்வியைவிட, வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற கேள்வியே முக்கியமானது. பலம் நம்மை அச்சுறுத்தும், எண்தான் வழிகாட்டும்.

இனிப் பேருந்துக் கண்ணாடிக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் உந்தல் அதே எண்ணில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு சிறு உந்தலும் முந்தியதோடு சேர்ந்து ஆட்டம் பெருகும்; இதுவே ஒத்ததிர்வு. ஆறு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றில் நின்று உறுமும்போது வினாடிக்கு 30 முறை உந்துகிறது. தளர்ந்த கண்ணாடியின் இயல்பு எண் அதனருகே இருந்தால் கண்ணாடி அதிரும். எஞ்சின் 1800 சுற்றுக்கு ஏறியதும் உந்தல் வினாடிக்கு 90 ஆகிவிடுகிறது. அவ்வளவு விரைவான உந்தலுக்குக் கண்ணாடி ஈடுகொடுக்க முடிவதில்லை. ஹெலிகாப்டர் தரையில் நின்று உதறுவதும் இவ்வாறே. சறுக்குக் கால்களின்மேல் நிற்கும் உடலுக்கு ஓர் இயல்பு எண் உண்டு. ஏறிவரும் சுழலியின் வேகம் அந்த எண்ணைக் கடக்கும் சில வினாடிகளில் உதறல் தோன்றி, கடந்ததும் மறைகிறது. உதறல் அடங்கியதனால் குறை நீங்கிவிட்டதென்று எண்ணுவது தவறு; வேகம் அந்த எண்ணைத் தாண்டிவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்த உண்மை அறிவுலகுக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. 1869-ஆம் ஆண்டில் ராங்கின் என்ற பேரறிஞர், சுழலும் தண்டு ஒன்று தன் இயல்பு எண்ணைத் தாண்டி நிலையாகச் சுழலவே இயலாது என்று கணக்கிட்டு எழுதினார். ஆயினும் 1880-களில் ஸ்வீடன் நாட்டு டி லாவால், தம் நீராவிச் சுழலிக்கு மெல்லிய, வளைந்துகொடுக்கும் தண்டைப் பொருத்தி, அந்த எல்லையை விரைந்து கடந்தால் அப்பால் அமைதி உண்டு என்று செய்தே காட்டினார். இந்த அமைதிக்குத் தெளிவான விளக்கம் ஜெஃப்காட் என்பவரின் 1919-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிடைத்தது: எல்லைக்கு அப்பால், சுழலும் பொருள் தன் வடிவ மையத்தைச் சுற்றாமல் தன் எடையின் மையத்தையே சுற்றத் தலைப்படுகிறது. கோட்பாடு மறுத்ததைக் கைவினை நிகழ்த்தி, பின்னர் கோட்பாடு திருத்தம் பெற்ற அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

அதிர்வெண்ணை எப்படி அறிவது? கண்ணுக்கு அது கூடாது. வினாடிக்கு முப்பது முறை ஆடும் விளிம்பைக் கண் வெறும் மங்கலாகவே காணும். ஆனால் கண்ணுக்கு உதவி செய்ய முடியும். இறக்கைகளைக் கழற்றிவிட்டு, யந்திரத்தை ஒரு கனமான பலகையில் இறுகக் கட்டி, அதன் சட்டத்தில் சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், எதிர்ச் சுவரில் விழும் ஒளிப்புள்ளி அதிர்வுக்கேற்ப ஒரு கோடாகவோ நீள்வட்டமாகவோ விரியும். அந்த வடிவம் எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டு, ஒரு மாற்றம் நன்மை செய்ததா தீமை செய்ததா என்று ஐயமின்றி அளக்கலாம். எண்ணை அறிய வேறு கருவி வேண்டும். சிக்கலான எந்த அசைவையும் சீரான எளிய அசைவுகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்றைய ஹெலிகாப்டர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சிலவும், கைப்பேசியின் செயலிகளும் அக்கணக்கையே நொடியில் போட்டு, 33-இல் இவ்வளவு, 150-இல் இவ்வளவு என்று கூர்முனைகளாக வரைந்து காட்டுகின்றன.

கைப்பேசியை நம்புவோர் ஒரு சூக்ஷ்மத்தை அறிந்திருக்க வேண்டும். அதிலுள்ள உணர்கருவி அசைவை இடைவிடாமல் பார்ப்பதில்லை. வினாடிக்குக் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே பார்க்கிறது. வினாடிக்கு 200 தடவை பார்க்கும் கருவி, அதில் பாதியாகிய 100 வரையுள்ள அதிர்வெண்களைத்தான் உள்ளபடி காட்டும். வால் சுழலியின் 150 அதற்குப் பிடிபடாமல், 200-இலிருந்து 150 போக எஞ்சும் 50 என்ற பொய்யான எண்ணாக வரைபடத்தில் தோன்றும். யந்திரத்தில் வினாடிக்கு 50 சுற்று சுற்றும் உறுப்பு எதுவுமே இல்லாதபோது, அதைத் தேடி எல்லாத் திருகுகளையும் கழற்றுவது வீண் வேலை. எந்தக் கருவியையும் படிக்குமுன், அது எதைப் பார்க்கவல்லது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி எதுவும் கையில் இல்லாதவருக்கும் வழி உண்டு. அது விலக்கிப் பார்க்கும் முறை. முதலில் தலைச்சுழலியின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிர்வு போகாவிட்டால் வால் இறக்கைகளையும் கழற்ற வேண்டும். அதற்கும் போகாவிட்டால், பெரிய பற்சக்கரத்திலிருந்து மோட்டாரை விலக்கி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் படியில் அதிர்வு மறைகிறதோ, அந்தப் படியில் நீக்கிய உறுப்பின்மீது சந்தேகம் விழுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. இரண்டை ஒருங்கே மாற்றியவர் அதிர்வைப் போக்கினாலும் போக்குவார், ஆனால் காரணத்தை அறியமாட்டார்.

இவ்விடத்தில் அனுபவமுள்ளவரும் ஏமாறுவதுண்டு. இறக்கைகளைக் கழற்றியதும் அதிர்வு நின்றுவிட்டால், குறை இறக்கைகளில்தான் என்று முடிவுகட்டிவிடுவது இயல்பு. ஆனால் இரண்டு இறக்கைப் பிடிகளுக்கும் நடுவே ஊடுருவிச் செல்லும் ஸ்பிண்டில் என்ற சிறு குறுக்குத் தண்டு வளைந்திருந்தால், அதன் தீங்கு இறக்கைகள் பூட்டியிருக்கும்போதே பெரிதாக வெளிப்படும். ஓர் இறக்கை மேலாகவும் மற்றது கீழாகவும் சாய்ந்து சுற்றும். ஒரு முறை தரையில் மோதிய யந்திரத்தில் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகத் தோன்றினாலும், இந்தத் தண்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் விடுவது விவேகமன்று. தடித்த சமமான கண்ணாடிமேல் அதை வைத்து விரலால் உருட்டினால், நேரான தண்டு சத்தமின்றி ஓடும். வளைந்ததோ தத்தித் தத்தி நின்று, ஒவ்வொரு சுற்றிலும் அடியில் ஒரு கீற்று வெளிச்சத்தைக் காட்டி மறைக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளில் இதனினும் நுட்பமான வழி இருக்கிறது. தண்டை இரண்டு வி-பிளாக்குகளின்மேல் கிடத்தி, டயல் கேஜின் முனையை அதன் நடுவில் தொடவைத்து மெல்லத் திருப்பினால், நூறில் ஒரு மில்லிமீட்டர் வளைவும் முள்ளின் அசைவில் தெரிந்துவிடும். பெரிய யந்திரங்களின் தண்டுகளை நாள்தோறும் இவ்வாறு சோதிக்கும் ஒருவரிடம் ஐந்து மில்லிமீட்டர் தண்டைக் கொண்டுபோய்க் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே.

தண்டுகள் நேராக இருப்பது உறுதியான பிறகே இறக்கைகளைச் சமன்படுத்த வேண்டும். இரண்டையும் நகைக்கடையில் பயன்படும் நுண்தராசில் நிறுத்துவது மட்டும் போதாது. ஒரே எடையுள்ள இரண்டு இறக்கைகளில் ஒன்றின் பாரம் நுனிப்பக்கமும் மற்றதன் பாரம் அடிப்பக்கமும் கூடியிருந்தால், சுழலும்போது அவை சமமாக இழுக்கமாட்டா. ஆகையால் ஒவ்வொன்றையும் கூரிய விளிம்பொன்றின்மேல் குறுக்காக வைத்து, சமநிலையில் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, மெல்லிய பசைநாடாவைத் தகுந்த இடத்தில் ஒட்டி இரண்டின் புள்ளிகளும் அடியிலிருந்து ஒரே தூரத்தில் அமையும்படி செய்ய வேண்டும். அதன்பின் எடை குறைந்த இறக்கையில் அந்தப் புள்ளியின்மீதே நாடா சுற்றி எடையைச் சமமாக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முதலில் செய்த வேலை கெடும். இறக்கையைப் பிடியில் பூட்டும் ஆணியின் இறுக்கமும் கவனத்துக்குரியது: யந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லேசாக உலுக்கினால் இறக்கை மடங்கி விழும் அளவுக்கு இருக்க வேண்டும். அதிகமாக இறுக்கினால், சுழலும்போது தானே நேர்கோட்டில் வந்து நிற்கும் சுதந்திரத்தை இறக்கை இழந்துவிடும்.

எடையில் சமமான இறக்கைகள் காற்றைத் தள்ளுவதிலும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று சற்றே அதிகக் கோணத்தில் நின்றால் அது மேலே உயர்ந்து வேறு தளத்தில் சுற்றும். நுனிகளில் இரண்டு வேறு நிற நாடாக்களை ஒட்டி, போதிய தூரத்தில் நின்று, சுழலும் வட்டத்தை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால், இரண்டு நிறங்களும் ஒரே கோட்டில் கலந்து தெரிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிந்தால், மேலே தெரியும் நிறத்துக்குரிய இறக்கையின் இணைப்புக் கம்பியை அரைத் திருகு மாற்றிக் கோணத்தைக் குறைக்க வேண்டும். இதைத் தடம் ஒப்பிடுதல் எனலாம். இறக்கையின் நுனி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை நினைவிற்கொண்டு, கண்ணுக்குக் காப்பும் பத்து மீட்டருக்குக் குறையாத இடைவெளியும் இல்லாமல் இச்சோதனையில் இறங்கலாகாது.

இத்தனையும் செய்வதற்குச் சோம்பி, வாலை நிலைப்படுத்தும் கைரோவின் அடியில் கனத்த ஸ்பாஞ்சு நாடாவை ஒட்டிவிடுவோர் உண்டு. கைரோவுக்குள் சிலிக்கனால் ஆன நுண்ணிய உறுப்பு ஒன்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்துகொண்டே, யந்திரம் திரும்புவதை உணர்கிறது. வெளியதிர்வு அதில் கலந்தால், திரும்பாத யந்திரத்தைத் திரும்புவதாக அது கருதி, வாலைத் தவறாகத் திருத்துகிறது. வால் அலைவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்பாஞ்சு கைரோவைக் காக்கும்; ஆனால் பேரிங் தேய்வதையும், திருகுகள் தளர்வதையும், பற்சக்கரத்தில் வெடிப்பு வளர்வதையும் அது தடுக்காது.

அப்படியானால் அதிர்வைத் தடுக்கும் மெத்தைகள் யாவும் வீணா? இல்லை. இங்கேதான் அதிர்வை இரண்டு வகையாகப் பிரித்தறிய வேண்டும். முன்னேறிப் பறக்கும் ஹெலிகாப்டரில், காற்றை எதிர்த்து வரும் பக்கத்து இறக்கையும் காற்றோடு பின்வாங்கும் பக்கத்து இறக்கையும் ஒரே விதமான விசையைப் பெறுவதில்லை. இதனால் இரண்டு இறக்கைச் சுழலியில் சுற்றுக்கு இரண்டு முறையும், நான்கு இறக்கைச் சுழலியில் சுற்றுக்கு நான்கு முறையும் அதிர்வு எழுந்தே தீரும். எத்துணை நுட்பமாகச் செய்தாலும் இது போகாது. இது யந்திரத்தின் குணம். சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வோ, ஓர் இறக்கை மற்றதைப்போல் இல்லை என்பதன் அடையாளம், அது குறை. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த துருவ் ஹெலிகாப்டரில், பற்சக்கரப் பெட்டிக்கும் உடலுக்கும் நடுவே அதிர்வைத் தனிமைப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் நான்கு இறக்கைகளின் குணத்தால் எழும் அதிர்வெண்ணுக்கென்றே அது அமைக்கப்பட்டது. குணத்துக்கு மெத்தை நியாயமானது; குறைக்கு மெத்தையிடுவது ஆபத்தானது.

மாதிரியில் கற்பது விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பவர் பல ஆண்டுகள் தம் பட்டறையில் சிறு மாதிரிகளையே செய்து பறக்கவிட்டு, சுழலியை நிலைப்படுத்தும் தண்டொன்றைக் கண்டுபிடித்து, 1941-இல் பெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் பயனாக உருவான பெல் 47, 1946 மார்ச்சு 8-ஆம் தேதி அரசாங்கச் சான்று பெற்றுப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நம் காலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜே. பாலராம் முதன்மைப் பொறியாளராக இருந்து உருவாக்கிய இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர், 1.8 கிலோ எடையும் 1.2 மீட்டர் விட்டமுள்ள சுழலிகளும் கொண்டது. அளவில் நம் மைதானத்து மாதிரிகளையே ஒத்த அது, 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் பறந்தது. ஐந்து முறை பறந்தால் போதுமென்று திட்டமிடப்பட்ட அது, 72 முறை பறந்து, 2024 ஜனவரி 18-ஆம் தேதி இறங்குகையில் மணல்மேட்டில் மோதி ஓய்ந்தது. மோதலில் இறக்கைகள் நான்கும் நுனிப்பக்கம் முறிந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வே ஓர் இறக்கையின் எஞ்சிய பகுதியையும் வேரோடு பிய்த்தெறிந்தது என்பது பின்னர் ஆராய்ந்தோரின் முடிவு. சமநிலை இழந்த சுழலி தன்னையே அழித்துக்கொள்ளவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பறக்கவிட விரும்பும் இளைஞர்கள், அவ்வட்டாரத்தில் பாதுகாப்புத் துறை நிலையங்கள் இருப்பதை மறவாமல், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுக்கப்பட்ட வான்பகுதி வரைபடத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பறக்கவிடுமுன் தம் யந்திரத்தின் தலைச்சுழலி, வால் சுழலி, மோட்டார் ஆகிய மூன்றும் வினாடிக்கு எத்தனை சுற்று என்பதைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அதிர்வு தோன்றும் நாளில் திருப்புளியை எடுக்குமுன் அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் அதிலேயே குறியுங்கள். வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்த முயலாமல் புதியதை மாற்றுங்கள். சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வு நீங்கும்வரை எந்த யந்திரத்தையும் தரையைவிட்டு எழுப்பாதீர்கள்.